ஒரு சக்கரக்காலின் சாய்வு

பழைய விமானப் படம் ஒன்று கைக்கு வந்தால், அதன் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் பதிவெழுத்துகளை முதலில் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துகளை வைத்துப் பதிவேட்டைப் புரட்டினால் பெயர் உடனே வந்துவிடும். படத்தைப் பார்க்காமலே வந்துவிடும். பெயர் பிறகு வரட்டும். இப்போது அந்தச் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரத்திலிருந்து மேலே எழும் காலைப் பாருங்கள். அது எங்கே போய்ச் சேர்கிறது?

இந்த ஒரு கேள்வியில் எத்தனை அழகு அடங்கியிருக்கிறது என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு கிளம்பினார். அகமதாபாதில் இறங்கி, மாட்டுவண்டியில் வந்த பெட்ரோல் டின்களிலிருந்து எண்ணெய் நிரப்பிக்கொண்டு, பம்பாயின் ஜூஹு திடலைச் சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலைப் பெல்லாரி வழியாக மதராஸ் வரை கொண்டுவந்தார். அந்தப் பயணத்தைத் தொடங்கிவைத்தது டி ஹாவிலேண்ட் நிறுவனத்தின் புஸ் மாத். ஒரே எஞ்சின், தலைக்கு மேலே ஒற்றைச் சிறகு, மூடிய சின்ன அறை. அந்தக் காலத்துப் படங்களில் அது புல்தரையில் நிற்கும் கோலத்தைப் பார்க்கப் பார்க்க அலுப்பதில்லை.

புஸ் மாத்தின் சக்கரக்கால் நெடியது. சக்கரத்தில் தொடங்கி, உடலின் ஓரமாகவே உயர்ந்து, மேலே சிறகு உடலோடு பொருந்தும் முன்மூலை வரை போய்த்தான் ஓய்கிறது. தரை இறங்கும்போது சக்கரம் வாங்கும் அதிர்வும், வானத்தில் சிறகு வாங்கும் பாரமும் ஒரே மூட்டில் வந்து கூடுகின்றன. வலுவான ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, இரண்டு சுமைகளையும் அந்த ஒரே இடத்தில் இறக்கிவைத்த சிக்கனம் அது. அதனால்தான் அந்தக் கால் அவ்வளவு ஒயிலாக, அவ்வளவு உறுதியாக நிமிர்ந்திருக்கிறது. அதைச் சுற்றிக் காற்றைக் கிழிப்பதற்காகப் போர்த்திய மெல்லிய உறையையும் கவனியுங்கள். விமானி உள்ளிருந்தபடியே அந்த உறையைக் கால்வட்டம் திருப்பிவிடலாம். கூரிய விளிம்பை முன்னே காட்டிப் பறந்த உறை அப்போது அகன்ற முகத்தைக் காட்டும். காற்று அதில் மோதி வேகம் தணியும். காலே தடையாகவும் மாறும் இந்த நுணுக்கம் படத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1982இல், தம் 78ஆம் வயதில் ஜே.ஆர்.டி. அதே கராச்சி – பம்பாய் வழியில் மறுபடி பறந்தார். இந்த முறை அவர் ஓட்டியது லெப்பர்டு மாத். அதுவும் டி ஹாவிலேண்ட்தான்; அதுவும் தலைக்கு மேலே சிறகு கொண்டதுதான்; அதே மூக்கு, அதே மூடிய அறை. அவசரமாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் சக்கரக்காலைப் பாருங்கள். லெப்பர்டு மாத்தில் அது சிறகு வரை ஏறவில்லை. சக்கரத்திலிருந்து முன்னோக்கிச் சாய்ந்து, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரின் மேல்விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. அந்தச் சாய்வு ஒன்றே போதும். புஸ் மாத் நிற்பதில் ஒரு நிதானம் தெரிகிறது. லெப்பர்டு மாத் நிற்கும்போதே ஓர் அடி எடுத்து வைத்துவிட்ட பாவனை தெரிகிறது. சிறகும் அப்படியே: நுனியை நோக்கி அழகாக ஒடுங்கிப் போகிறது. உள்ளே விமானி முன்னால் தனியே அமர, பின்னால் இருவர் தோளோடு தோள் சேர்த்து உட்காரும் ஏற்பாடு. 1933 மே மாதம் முதன்முறை பறந்த இந்த விமானத்தை ஜெஃப்ரி டி ஹாவிலேண்ட் தாமே ஓட்டி, அந்த ஆண்டின் கிங்ஸ் கோப்பைப் பந்தயத்தை வென்றார். தாம் உருவாக்கியதன் மீது ஒருவருக்கு இருந்த நம்பிக்கைக்கு இதைவிட நேரான சான்று வேண்டுமா?

புஸ் மாத்திடம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம். சிறகைத் தாங்கும் முன்கோலில் ஒரு சின்னத் துணைக்கோல் தெரிகிறதா என்று பாருங்கள். நடுவிலிருந்து கிளம்பிச் சிறகுவேரின் பின்பகுதிக்குப் போகும் மெல்லிய கோடு. பூதக்கண்ணாடி இல்லாமல் கண்ணில் படுவது கடினம். முதல் சில ஆண்டுகளில் புஸ் மாத்துகள் சில, கலங்கிய காற்றில் சிறகு முறிந்து விழுந்தன. 1933 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் விமானி பெர்ட் ஹிங்க்லர் இத்தாலிய மலையில் உயிரிழந்ததும் ஒரு புஸ் மாத்தில்தான். ஆராய்ந்து பார்த்துக் கண்டறிந்த மருந்துகளில் ஒன்று அந்தத் துணைக்கோல். அது இல்லாத புஸ் மாத்தைப் படத்தில் கண்டால், அந்தப் படம் விமானத்தின் இளமைக் காலத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். இருந்தால், துயரம் கற்பித்த பாடத்தைத் தாங்கி நிற்கும் விமானம் அது. பென்சில் கீறலளவு கோடு ஒன்று ஆண்டையும் சொல்கிறது, காரணத்தையும் சொல்கிறது. இவ்வளவு செறிவாகப் பேசும் கோடுகள் எழுத்திலேகூட அரிது.

இப்போது கண்ணை வாலுக்குக் கொண்டுபோங்கள். டி ஹாவிலேண்ட் குடும்பத்து விமானங்களை எந்தக் கூட்டத்திலும் தனித்துக் காட்டுவது வால்தான். வெற்றிலை ஒன்றை நடு நரம்போடு கிழித்து, ஒரு பாதியை நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அந்த வளைவு. முன்னே சின்னத் துடுப்பு மெல்ல எழுகிறது. உச்சியில் சுக்கானோடு கூடுகிறது. அங்கிருந்து சுக்கான் வெளியே பொங்கி, கீழே வந்ததும் நாணியது மாதிரி உள்ளே சுருங்குகிறது. 1925 பிப்ரவரி 22 அன்று லண்டனுக்கு வடக்கே ஸ்டாக் லேன் திடலில் முதல் மாத் பறந்தபோதும் இந்த வளைவு இருந்தது. அதன்பின் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ விமானங்கள் வந்தன. எஞ்சின் மாறியது, சிறகு மாறியது, பயணிகளின் எண்ணிக்கை மாறியது. அந்த வளைவு மட்டும் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருந்தது. படத்தின் முன்பகுதி முழுதும் மனிதர்கள் மறைத்து நின்றாலும், பின்னால் அந்த வளைவு எட்டிப்பார்த்தால் போதும். இன்ன வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். ஜெஃப்ரி டி ஹாவிலேண்டுக்கு ‘மாத்’ எனப்படும் விட்டில் பூச்சிகளின் மேல் தீராத காதல் இருந்தது. தம் சின்ன விமானங்களுக்கு அவற்றின் பெயர்களையே வைத்தார். பூச்சிகளை உற்றுப் பார்த்துப் பழகிய கண்தான் இந்த வாலையும் வரையச் சொல்லியிருக்கும் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஓர் இன்பம்.

வீட்டு அடையாளம் தெரிந்தபின் பிள்ளையின் அடையாளம் தெரிய வேண்டும். அதில்தான் சுவை. ஃபாக்ஸ் மாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டைகர் மாத்தின் சிறகுகள், வால், சக்கரக்கால் எல்லாவற்றையும் அப்படியே வாங்கி, புதிதாக ஒரு கொழுத்த உடலில் பூட்டிய இரட்டைச் சிறகு விமானம். பயணிகள் முன்னால் மூடிய அறைக்குள் சொகுசாக இருப்பார்கள்; விமானி அவர்களுக்குப் பின்னால், மேலே, திறந்த குழியில் வெயிலும் காற்றும் பட அமர்ந்திருப்பார். பின்னால் உயரத்தில் ஒற்றைத் தலை. முன்னால் கீழே சன்னல்களில் முகங்கள். இப்படியொரு காட்சி படத்தில் தென்பட்டால் வேறெதையும் தேட வேண்டாம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது ஹார்னெட் மாத்தின் கதை. அது சிறகு நுனியின் கதை. 1934 மே மாதம் முதன்முறை பறந்த இந்த விமானத்தில் இருவர் அக்கம்பக்கமாக, மூடிய அறையில், உடை கலையாமல் அமர்ந்து பறக்கலாம். முதலில் வந்த ஹார்னெட் மாத்துகளின் சிறகுகள் வெளியே போகப் போக ஒடுங்கி, நுனியில் ஏறக்குறைய கூர்ந்தே விட்டன. மேலும் கீழுமாக அப்படி இரண்டு இணைகள். பார்வைக்கு அவ்வளவு நளினம்! ஆனால் மூன்று சக்கரமும் ஒருசேரத் தரையைத் தொடும்படி மெதுவாக இறக்கும்போது, அந்த ஒடுங்கிய நுனிகள் காற்றின் பிடியை முதலில் இழந்தன. விமானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. நிறுவனம் தயங்கவில்லை. நுனி சதுரமாக வெட்டிய புதுச் சிறகுகளை வடிவமைத்தது. பழைய சிறகு வைத்திருந்தவர்கள் மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. மொத்தம் 164 ஹார்னெட் மாத்துகள் பிறந்தன. அவற்றில் கூர்நுனியோடு படத்தில் நிற்பவை ஒரு குறுகிய பருவத்தைச் சேர்ந்தவை. அந்தப் பருவம் முடிந்த பின் அந்த நளினம் வானத்தில் அருகிப்போனது.

இங்கே ஒரு சின்னச் சிக்கல் எழும். பெரும்பாலான பழைய படங்கள் பக்கவாட்டில் எடுக்கப்பட்டவை. பக்கத்திலிருந்து பார்த்தால் சிறகு ஒரு பட்டையாகத்தான் தெரியும். நுனி கூர்மையா சதுரமா என்று எப்படிச் சொல்வது? புல்லைப் பாருங்கள். நல்ல வெயிலில் எடுத்த படமாக இருந்தால், கேமரா காட்ட மறுத்த வடிவத்தைச் சூரியன் தரையில் வரைந்து வைத்திருக்கும். சிறகின் முழு வீச்சும், அதன் ஒடுக்கமும், நுனியின் வெட்டும் நிழலாக விரிந்து கிடக்கும். படத்தில் விமானம் பாதி, நிழல் பாதி என்று எனக்குத் தோன்றும். விமானத்தின் மேலேயே கண்ணை வைத்திருப்பவர்கள் நிழலை மிதித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து பார்ப்பவருக்கு, மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியக்கூடிய ஒரு வடிவம் அங்கே கிடைக்கிறது. சாய்வெயில் நிழலைச் சற்றே நீட்டியிருக்கும். அந்த நீட்சியை மனத்தால் சுருக்கிப் பார்க்கப் பழக வேண்டும். பழகிவிட்டால் ஹார்னெட் மாத்தின் கூர்நுனி புல்லின் மேல் எவ்வளவு மென்மையாக முடிகிறது என்பதை ரசிக்கலாம்.

வெயிலைச் சொன்னதால் பிலிமையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தின் பல பிலிம்களுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. சிவப்பு அவற்றில் கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். வானம் தூய வெண்மையாக இருப்பதும், அந்த வெண்மையின் மேல் விமானத்தின் விளிம்பு அவ்வளவு துல்லியமாக எழுவதும் அதனால்தான். குறை என்று சொல்லத் தோன்றும் ஒன்று, வடிவத்தை ரசிப்பவருக்குப் பெரும் கொடை. மேகமும் நீலமும் கவனத்தைக் கலைக்காமல், கோடு மட்டும் நிற்கிறது. ஆனால் நிறத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் நிதானம் வேண்டும். 1934 அக்டோபர் 20 அன்று இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்போர்னுக்குப் புறப்பட்ட மாபெரும் பந்தயத்தில் மூன்று டி ஹாவிலேண்ட் கொமெட்டுகள் ஓடின. ஒன்று செக்கச் சிவந்த 'குரோவ்னர் ஹவுஸ்'. இன்னொன்று கறுப்பும் பொன்னுமான 'பிளாக் மேஜிக்'. மூன்றாவது பச்சை. பழைய படங்களில் மூன்றும் அடர்ந்த ஒரே இருளாகவே தெரியக்கூடும். அப்போது மூக்கின் ஓரத்தில் எழுதிய பெயரைத் தேட வேண்டும். உடலில் ஓடும் கோடுகளைப் பார்க்க வேண்டும். பந்தயத்தின் கட்டாய நிறுத்தங்களில் ஒன்று அலகாபாத். ஜிம் மோலிசனும் ஏமி ஜான்சனும் ஓட்டிய 'பிளாக் மேஜிக்' எஞ்சின் கெட்டுப் பந்தயத்தைக் கைவிட்டதும் அங்கேதான். சிவப்பு விமானமோ மூன்று நாளுக்குள் மெல்போர்னை எட்டி வென்றது.

கொமெட்டின் வடிவத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஆர்தர் ஹேக்கின் கை அது. நீண்டு மெலிந்த மூக்கு. அதில் பெரும்பகுதி எண்ணெய்த் தொட்டிகள். விமானிகள் இருவரும் ஒருவர் பின் ஒருவராக, மிகவும் பின்தள்ளி, ஒரு சின்னக் கண்ணாடி மூடியின் கீழ். சிறகுகள் மெல்லிய மரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்தவை. அந்த மரம்தான் அவ்வளவு மெல்லிய சிறகைச் சாத்தியமாக்கியது. மொத்தமே 5 கொமெட்டுகள். அவ்வளவு சிறிய குலத்தில் ஒவ்வொன்றின் முகமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புவது பேராசை இல்லை.

இனிக் கட்டைவிரலை எடுக்கலாம். பதிவெழுத்துகளிலும் காலம் படிந்திருக்கிறது. பிரிட்டிஷ் விமானங்களுக்கு 1919 முதல் ஜி-இ என்று தொடங்கும் எழுத்துகள். 1928இல் ஜி-ஏஏஏஏ என்று புது வரிசை பிறந்தது. அந்த முதல் எழுத்துகளைச் சூடியது ஒரு ஜிப்சி மாத். இந்திய விமானங்கள் ஜி-ஐ என்ற தொடக்கத்தை விட்டுவிட்டு 1929இல் விடி-க்கு மாறின. டாடாவின் புஸ் மாத் விடி-ஏடிஎன். எழுத்தின் தடிமன், இடைவெளி, பெயின்டர் தூரிகையைத் திருப்பிய இடம் இவையெல்லாம் எனக்கு அந்த வரிசை எண்களைவிட இனியவை. சிலவற்றில் எழுத்து உடலின் முழு உயரத்துக்கும் நிறைந்து நிற்கும். வேறு சிலவற்றில் சன்னலுக்கு இடம்விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும்.

எழுத்து உதவாத இடமும் உண்டு, பெயர் உதவாத இடமும் உண்டு. டைகர் மாத் என்று குறித்த ஒரு படத்தில், நாம் அறிந்த இரட்டைச் சிறகு விமானத்துக்குப் பதிலாகத் தாழ்வான ஒற்றைச் சிறகோடு ஒரு குட்டி விமானம் நின்றால், குறிப்பெழுதியவர் தவறிவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1931இல் வந்த புகழ்பெற்ற டைகர் மாத்துக்கு முன்னால், 1927இல், அதே பெயரில் ஒரு பந்தய விமானம் இருந்தது. டிஹெச் 71. இரண்டே இரண்டுதான் கட்டினார்கள். அதன் படம் கிடைத்தால், தயவுசெய்து அவசரப்படாமல் பாருங்கள். சிறகின் முழு அகலம் 22 அடி 6 அங்குலம். உடலின் குறுக்களவை நிறுவனத்தின் சோதனை விமானி ஹூபர்ட் பிராடின் தோளுக்கும் இடுப்புக்கும் அளவெடுத்து அமைத்தார்கள். ஒரு மனிதரின் உடலைச் சுற்றி, அதைவிட ஒரு விரல் கூட வீணாக்காமல், ஒட்டுப்பலகையால் நெய்த விமானம். வேகத்தை ஆராயவும், புது எஞ்சினைச் சோதிக்கவும் பிறந்தது. 1927 ஆகஸ்ட் 24 அன்று பிராட் அதில் 100 கிலோமீட்டர் வட்டத்தை மணிக்கு 186.47 மைல் வேகத்தில் சுற்றி, அந்த வகையில் உலக சாதனை படைத்தார்.

அதன் மூக்கிலிருந்து வால் வரை ஓடும் அந்த ஒற்றைக் கோட்டைப் பாருங்கள். எங்கும் தடங்கல் இல்லை. விமானியின் தலைக்குப் பின்னால் மட்டும் ஒரு மேடு. அதுவும் உடனே தணிந்து வாலோடு கரைந்துவிடுகிறது. சிறகிலிருந்து உடலுக்கு ஓடும் இழுகம்பிகள் மயிரிழையாகத் தெரிகின்றன. நான் இதுவரை பார்த்த சின்ன விமானங்களில் இவ்வளவு தூய வடிவம் வேறில்லை என்பேன். இரண்டில் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குப் போய், 1930 செப்டம்பரில் சிட்னியின் மாஸ்கட் திடலில் விழுந்து நொறுங்கியது. மற்றொன்று ஹாட்ஃபீல்டு ஆலையில் பத்திரமாக இருந்தது. 1940 அக்டோபர் 3 அன்று ஒரு ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானம் அந்த ஆலையைத் தாக்கியது. தொழிலாளர்கள் உட்பட 21 பேர் இறந்த அந்தத் தாக்குதலில் அந்தக் குட்டி விமானமும் அழிந்தது. இன்று டிஹெச் 71ஐப் பார்க்க வேண்டுமென்றால் படத்தில்தான் பார்க்க வேண்டும். ஆகவே அதன் படத்தை இனம் கண்டு, சரியான பெயரைப் பின்னால் எழுதி வைப்பதை நான் ஒரு மரியாதையாகவே கருதுகிறேன்.

டி ஹாவிலேண்ட் வீட்டுக்கு வெளியேயும் இந்திய வானில் ஓர் அரிய அழகி உலவினாள். ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் நிறுவனத்தின் அட்டலாண்டா. 1932இல் முதல் பறப்பு; மொத்தம் 8. கராச்சியிலிருந்து கல்கத்தா, ரங்கூன் வழியாகச் சிங்கப்பூர் நோக்கிப் போன தபால் தடத்தில் ஓடியவை. நான்கு எஞ்சின்கள் வரிசையாகப் பதித்த அகன்ற சிறகு மேலே. கீழே உடலோ தரையை உரசிவிடுமோ என்னும்படி தாழ்ந்திருக்கும். காரணம் சக்கரங்களில் இருக்கிறது. வெளியே நீளும் கால்களே இல்லை. பெரிய சக்கரங்கள் உடலின் விலாவுக்குள்ளேயே பாதி புதைந்திருக்கின்றன. அதனால் பயணி இரண்டே படி ஏறினால் உள்ளே போய்விடலாம் என்று தோன்றும் தாழ்வு. நெடிய கால்களோடு வானத்தை நோக்கி மூக்குயர்த்தி நின்ற அந்தக் காலத்து விமானங்களுக்கு நடுவே, அட்டலாண்டா இப்படி அமர்ந்திருக்கும் சாந்தம் தனி. தூரத்தில் மங்கலாகத் தெரிந்தாலும் அந்த அமர்வு அதைக் காட்டிக்கொடுக்கும். போர் வந்ததும் மிஞ்சியவற்றை இந்திய விமானப் படை வாங்கிக்கொண்டு, 1941 டிசம்பரிலிருந்து 1942 ஆகஸ்ட் வரை கடலோர ரோந்துக்கு அனுப்பியது. ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை.

மறுபடி டி ஹாவிலேண்ட் வீட்டுக்கே திரும்பினால், அதன் இரட்டை எஞ்சின் டிராகனையும் டிராகன் ரபீடையும் பிரித்தறிவது எளிது: ரபீடின் சிறகுகள் ஒடுங்கி நுனி கூர்ந்திருக்கும், சக்கரங்கள் எஞ்சினுக்குக் கீழே முழு உறை அணிந்திருக்கும். நான்கு எஞ்சின் டிஹெச் 86இன் கடைசி வகையில் கிடைவாலின் இரு முனைகளிலும் கேடயம் போன்ற சின்னத் துடுப்புகள் ஒட்டியிருக்கும்; அதைக் கண்டதும் வகையைச் சொல்லிவிடலாம்.

மிச்சமிருக்கும் நேரத்தை அல்பட்ராஸுக்கே கொடுக்க ஆசை. டிஹெச் 91. இதுவும் ஆர்தர் ஹேக்கின் வரைபலகையில் பிறந்தது. முதலில் பறந்தது 1937 மே 20. நான்கு எஞ்சின் பயணி விமானம் ஒன்றை மரத்தால் செய்தார்கள் என்றால் நம்பத் தயங்குவோம். பால்சா மரத்தை நடுவில் வைத்து, இருபுறமும் மெல்லிய ஒட்டுப்பலகை பதித்து அழுத்திய உடல் அது. அதனால் உடலில் ஆணித் தலை இல்லை, தகட்டு மூட்டு இல்லை. வழவழப்பான ஒரே வளைவு. வெளிச்சம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போவதைக் கறுப்பு வெள்ளைப் படத்தில்கூடப் பார்க்கலாம். எஞ்சின்களுக்கான குளிர்காற்றைச் சிறகின் முன்விளிம்பில் வைத்த வாய்கள் வழியாக உள்ளிழுத்தார்கள். ஆகவே எஞ்சின் மூடிகளின் மூக்கும் சிறுத்துக் கூர்ந்து, எந்த இடைஞ்சலுமின்றி முடிகிறது. தொழில்நுட்பம் ஒரு காரியத்தை மறைத்துவைத்தால் வடிவம் எவ்வளவு விடுதலை பெறுகிறது என்பதை அந்த நான்கு மூக்குகளில் காணலாம்.

கட்டியது 7. முதல் இரண்டும் நெடுந்தூரத் தபாலுக்கென்று அமைந்தவை. மற்ற ஐந்தும் பயணிகளுக்கு. சன்னல்களின் அமைப்பு வேறுபடுவதைக் கொண்டு எது எந்த இனம் என்று சொல்லலாம். ஆனால் உண்மையான புதையல் வாலில் இருக்கிறது. அல்பட்ராஸுக்கு இரட்டைத் துடுப்பு வால். நமக்குப் பழக்கமான படங்களில் அந்த இரண்டு துடுப்புகளும் கிடைவாலின் இரு நுனிகளில் நிமிர்ந்திருக்கும். மிகச் சில படங்களில் மட்டும் அவை நுனியில் இல்லாமல் உள்ளே தள்ளி, கிடைவாலின் நடுப்பகுதியில் நிற்கும். கிடைவாலைத் தாங்கச் சின்னக் கோல்களும் தெரியும். அந்த அமைப்பு முதல் விமானத்தில், அதன் முதல் மாதங்களில் மட்டுமே இருந்தது. பிறகு மாற்றிவிட்டார்கள். அப்படியொரு படம் உங்கள் கையில் வந்தால், அதில் தேதி இல்லாவிட்டாலும், எடுத்தவர் பெயர் இல்லாவிட்டாலும், பின்புறம் முழுதும் வெறுமையாக இருந்தாலும், நீங்கள் 1937ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வடிவமைப்பாளர் இன்னும் யோசித்து முடிக்காத ஒரு வாலை, அவர் அழித்து எழுதுவதற்கு முந்தைய வரைவை, அவ்வளவு பெரிய விமானத்தின் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பென்சிலை எடுத்துப் பின்புறத்தில் எழுதுங்கள்: டிஹெச் 91 அல்பட்ராஸ், முதல் விமானம், பழைய வால்.